பால்வாடி திறப்பதற்கு முன்னால்: நீலகிரியில் கைக்குழந்தைக் குடும்பங்களுக்காக அறக்கட்டளை நிதி கேட்கிறவர்களுக்கு

சின்னப் பிள்ளை இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும், எந்த அறக்கட்டளையிடம் கேட்டால் பணம் தருவார்கள் என்று விசாரித்துக்கொண்டு எங்களிடம் வருகிறவர்கள் பலவிதம். மகளிர் குழுத் தலைவி, ஓய்வு பெற்ற ஆசிரியர், கோயம்புத்தூரில் சமூகப்பணி படித்துவிட்டு ஊர் திரும்பிய பெண், ஒரு தடவை எஸ்டேட் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர். எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: ப்ரொபோசல் எப்படி எழுதுவது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன டிரஸ்டில் பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவை சரியாக நடந்துவிட்டால் எழுதுவதற்கு இரண்டு நாள் போதும். அவற்றை விட்டுவிட்டு எழுதியவர்களின் விண்ணப்பங்கள் வந்த வழியே திரும்பியதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எங்களுடைய முதல் விண்ணப்பமும் அப்படித்தான் திரும்பியது.

முதலில் ஒரு பிள்ளையின் ஒரு நாள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு காலை ஆறரைக்கு ஒரு லைனுக்கோ (எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசை) காலனிக்கோ போங்கள். மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் ஒரே ஒரு பிள்ளையைப் பாருங்கள். யார் எழுப்பினார்கள், என்ன ஊட்டினார்கள், அம்மா எத்தனை மணிக்குக் கிளம்பினார், அதற்கப்புறம் பிள்ளை யாரிடம் இருந்தது, எப்போது தூங்கியது, மறுபடி எப்போது சாப்பிட்டது, அம்மா எத்தனை மணிக்குத் திரும்பினார். எல்லாவற்றையும் மணியோடு எழுதுங்கள். அனுமதி கேட்டு, வாசலில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் டீயைக் குடித்துக்கொண்டே எழுதலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படிவத்தோடு போய் நின்று 'மாத வருமானம் எவ்வளவு' என்று ஆரம்பித்தால்தான் முகம் மாறும்.

கொழுந்து பறிக்கப் போகிற அம்மா ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். எங்கள் பகுதியில் பால்வாடியில் பிள்ளையை விட ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு அவர் வீடு வர ஐந்து மணி தாண்டும். பால்வாடி அதற்கு முன்பே பூட்டியிருக்கும். கேரட் வயலுக்கும் கேரட் கழுவும் இடத்துக்கும் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். விடியும் முன்பே ஜீப் ஏறிவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் ஒன்றரை வயதுத் தம்பியை எட்டு வயது அக்கா இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பாள். மழை பெய்து கொழுந்து நிறையத் துளிர்க்கும் மாதங்களில் அந்த அக்காவின் பள்ளி வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். எந்த ஆய்வறிக்கையும் சொல்லாததை அது சொல்லும்.

ஒரு லைனில் பிள்ளைகளுக்குப் பால் பவுடரும் பிஸ்கட்டும் கொடுக்கலாம் என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம். ஐந்து நாள் காலையில் அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பாதி வீடுகளில் பால் பவுடர் டப்பா அலமாரியில் இருக்கிறது. கலக்கி ஊட்டத்தான் ஆள் இல்லை. அன்றைக்கு அந்தத் திட்டத்தை அப்படியே கைவிட்டோம். நீங்கள் நிதி கேட்க வேண்டியது அந்த நேரத்துக்குத்தான். பிள்ளையின் நாளில் எந்த மணி காலியாக இருக்கிறதோ, அந்த மணியை நிரப்பப் பணம் கேளுங்கள்.

இடத்துக்கு இடம் அந்தக் காலி மணி வேறு. கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் ஆதிவாசி ஊர்களில் வீட்டில் பாட்டி இருப்பார். ஆனால் பால்வாடிக்குப் போகும் பாதையில் யானை நிற்கும். கூட்டிப்போகப் பெரியவர் இல்லாத நாளில் பிள்ளை போகாது. ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களில் பிள்ளைக்குத் தமிழ் புரியாது, அம்மாவுக்கு நர்ஸம்மா சொல்வது புரியாது. ஊட்டியைச் சுற்றி டிசம்பர், ஜனவரி உறைபனியில் தகரக் கொட்டகையில் தூங்கும் பிள்ளைக்குக் காலை நேரமே ஆபத்தான நேரம். ஒரு இடத்துக்கு எழுதியதை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்க முடியாது.

இப்படி ஒரு பிள்ளையில் ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வரை எழுதுங்கள். இரண்டு வாரம் ஆகும். இந்த நோட்டுத்தான் உங்கள் விண்ணப்பத்தின் முதுகெலும்பு.

அரசு ஏற்கெனவே கொடுப்பது என்ன

அறக்கட்டளைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு இப்போதே பதில் தேடிவிடுங்கள்: 'இதை அரசு செய்கிறதே, நாங்கள் ஏன் செய்ய வேண்டும்?'

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ்தான் நம் பால்வாடிகள் நடக்கின்றன. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குச் சத்துமாவு, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு மதியச் சோறும் முட்டையும், மாதாமாதம் எடை பார்ப்பது என்று எல்லாம் அங்கே உண்டு. கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் வரை தவணைகளில் வரும்; அதற்குக் கர்ப்பத்தைச் சீக்கிரம் பதிவு செய்து, பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கியிருக்க வேண்டும். வெளிமாநிலக் குடும்பத்தின் ரேஷன் அட்டையை இங்கேயும் பயன்படுத்த வழி இருக்கிறது. பல வீடுகளுக்குத் தேவை நிதி இல்லை. ஒரு மனு எழுதித் தரவும், ஆதாரில் பெயர்ப் பிழையைத் திருத்தவும், கூடவே பஸ் ஏறி வரவும் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீடுகளைத் தனியாகக் குறித்து, அந்த வேலையை நாளைக்கே ஆரம்பித்துவிடுங்கள். அதற்கு எந்த அறக்கட்டளைக்கும் காத்திருக்க வேண்டாம்.

பால்வாடி டீச்சரையும் கிராம சுகாதார செவிலியரையும் இந்தக் கட்டத்திலேயே போய்ப் பாருங்கள். உங்களுக்கு முன்னாலிருந்தே இந்தப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறவர்கள் அவர்கள். அவர்களைக் கேட்காமல் ஒரு காப்பகம் ஆரம்பித்தால், பால்வாடிப் பிள்ளைகளை இழுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அது நியாயமான பயம்தான்.

எஸ்டேட் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 50 பெண் தொழிலாளர்களோ, பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேரோ இருக்கும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் நடத்துவது முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வைத்தது. சட்டங்கள் புதுத் தொகுப்புகளாக மாறினாலும் அந்தக் கடமை தோட்டத்தை விட்டுப் போய்விடவில்லை. அதனால் பெரிய எஸ்டேட்டின் காப்பகம் பூட்டிக் கிடந்தால் அதைத் திறக்க அறக்கட்டளையிடம் போகாதீர்கள். தொழிற்சங்கத்திடமும் தொழிலாளர் துறையிடமும் போங்கள். ஏழைப் பிள்ளைக்கென்று ஒருவர் கொடுத்த பணம் ஒரு கம்பெனியின் கடமையை அடைக்கப் போகக் கூடாது. நிதி உண்மையில் தேவைப்படுவது முதலாளி என்று ஒருவரைச் சுட்ட முடியாத இடங்களில்: இன்றைக்கு ஒரு சிறு விவசாயி தோட்டம், நாளைக்கு வேறொருவர் தோட்டம் என்று கூலிக்குப் போகும் பெண்கள், கேரட், உருளைக்கிழங்கு வயல்களில் நாள் கூலி செய்கிறவர்கள், கட்டிட வேலைக்காரர்கள்.

பணம் வாங்கும் தகுதி யாருக்கு

தனி ஆளுக்கும் குடும்பத்துக்கும் நேரடியாகக் கொடுக்கும் அறக்கட்டளைகள் குறைவு. மருத்துவச் செலவுக்கும் படிப்புக்கும் கொடுப்பார்கள். மற்றபடி பதிவு பெற்ற அமைப்புக்குத்தான் பணம் வரும். அது பத்திரம் பதிந்த அறக்கட்டளையாக இருக்கலாம், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்த சங்கமாக இருக்கலாம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு நிறுவனமாகவும் இருக்கலாம். பதிவோடு அமைப்பின் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, தணிக்கை செய்த கணக்கு, ஆடிட்டர்கள் 12ஏபி, 80ஜி என்று சொல்லும் வருமான வரிப் பதிவுகள், தொண்டு அமைப்புகளைப் பதியும் நிதி ஆயோக் தளத்தின் தர்ப்பண் எண். பெரும்பாலும் இவைதான் கேட்பார்கள்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது எல்லாரும் சி.எஸ்.ஆர். என்று சொல்வது, வேண்டுமென்றால் 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்-1 என்ற படிவத்தில் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். நம்மைப் போன்ற வெளி அமைப்பு என்றால் அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். நேற்றுப் பதிந்த சங்கத்துக்கு அந்தப் பணம் கிடைக்காது.

வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு கட்டாயம். அமைப்புக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும், பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் அந்தப் பதிவு உள்ள ஒரு அமைப்பு, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. 'எங்கள் கணக்கில் வாங்கி உங்களுக்குத் தருகிறோம்' என்று யாராவது நல்ல மனதோடு சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பேரும் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்படியானால் இப்போதுதான் ஆரம்பிக்கிறவர்கள் என்ன செய்வது? ஏற்கெனவே மலையில் வேலை செய்யும் ஒரு நல்ல அமைப்பிடம் உங்கள் நோட்டோடு போங்கள். விண்ணப்பம் அவர்கள் பெயரில் போகட்டும், வேலையை உங்கள் குழு செய்யட்டும். யார் எதற்குப் பொறுப்பு, சம்பளம் யார் கையால், கையெழுத்து யாருடையது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று வருடம் இப்படி வேலை செய்தவர்கள் நான்காவது வருடம் தங்கள் காலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். புது டிரஸ்ட் பதிந்து லெட்டர்ஹெட் அடித்துக்கொண்டு காத்திருப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

எந்தக் கதவைத் தட்டுவது

டாடா அறக்கட்டளைகள், அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை போன்ற பெரியவை இருக்கின்றன. நெதர்லாந்தின் வான் லியர் போலச் சின்னப் பிள்ளைகளையே மையமாக வைத்த வெளிநாட்டு அறக்கட்டளைகளும் உண்டு. பெயர் பெரிது என்பதற்காக அங்கே முதலில் ஓட வேண்டாம். பெரிய அறக்கட்டளை பல ஆயிரம் பிள்ளைகளைத் தொடும் வேலையைத் தேடும். பதினைந்து பிள்ளைகளுக்கு ஐந்து லட்சம் கேட்கும் உங்களைப் போன்றவர்களுக்குக் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டுத் தொழில் குடும்பங்கள் நடத்தும் அறக்கட்டளைகளும், ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களும், பக்கத்துக் கம்பெனிகளும்தான் முதல் படி.

நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது அதே சட்டம். தன்னுடைய தொழிலாளர்களுக்கு மட்டும் செய்வதை அந்தக் கணக்கில் காட்டவும் முடியாது. ஆகவே ஒரு தேயிலைக் கம்பெனியிடம் போனால், அதன் வேலையாட்கள் அல்லாத அக்கம்பக்கத்துக் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகக் கேளுங்கள்.

கதவைத் தட்டும் முன் அவர்கள் போன வருடம் யாருக்கு, எந்த மாவட்டத்தில், எவ்வளவு கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஆண்டறிக்கையில் இருக்கும். கல்லூரிக் கட்டிடங்களுக்கே கொடுத்துவரும் இடத்தில் கைக்குழந்தைக்குக் கேட்டு மூன்று மாதத்தை இழக்க வேண்டாம். பொருத்தமாகத் தெரிந்தால் ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: நாங்கள் யார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், எந்த நேரம் காலியாக இருக்கிறது, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு வேண்டும். அவர்கள் 'முழு விண்ணப்பம் அனுப்புங்கள்' என்ற பிறகுதான் மற்றது. நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. புது வருடக் கணக்கில் இடம்பிடிக்க வேண்டுமென்றால் இந்தக் கடிதம் தீபாவளியை ஒட்டியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

எழுதும்போது

எங்கள் முதல் விண்ணப்பத்தில் காப்பகத்துக்குக் கட்டிடம் கேட்டிருந்தோம். பட்டா நகல் கேட்டார்கள். நாங்கள் பார்த்துவைத்திருந்த இடம் கூடலூர் பக்கம், 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிய நிலம். அங்கே பல தலைமுறையாக இருக்கிறவர்களுக்கே பட்டா இல்லை. பட்டா உள்ள இடமாக இருந்திருந்தாலும் மலைப்பகுதியில் கட்டிட அனுமதி வாங்கவே ஒரு வருடம் ஓடியிருக்கும். அதற்குள் ஒன்றரை வயதுப் பிள்ளை இரண்டரை ஆகியிருக்கும். அடுத்த தடவை லைனிலேயே ஒரு காலி வீட்டை வாடகைக்குக் கேட்டோம். கிடைத்தது. கட்டிடம் கேட்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைக்கு வேண்டியது சூடான ஒரு அறையும் கனிவான இரண்டு பெரியவர்களும்.

தேவையை விளக்கும் பகுதியில் பலரும் இப்படி ஆரம்பிக்கிறார்கள்: 'நீலகிரி மாவட்டம் இயற்கை எழில் கொஞ்சும் மாவட்டமாகும். இங்கு வாழும் மக்கள் மிகவும் பின்தங்கிய நிலையில் உள்ளனர்.' படிக்கிறவருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியாது. உங்கள் நோட்டிலிருந்து எழுதுங்கள்: 'இந்த இரண்டு லைன்களிலும் மூன்று வயதுக்குக் கீழே 15 பிள்ளைகள். 11 பேரின் அம்மாக்கள் காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள். பால்வாடி ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம், ஒன்பது மணிக்குத் திறக்கிறது. 6 பிள்ளைகளைப் பள்ளி வயதுள்ள அக்காவோ அண்ணனோ பார்த்துக்கொள்கிறார்கள்.' எண்கள் உங்களுடையவை. இந்த நான்கு வரியைப் படித்துவிட்டு அறக்கட்டளை அதிகாரி நிமிர்ந்து உட்காருவார்.

மாநில அளவிலான எண் ஒன்றிரண்டு போதும். ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆனால் ஆதிவாசிப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ரத்தசோகை என்று எழுதிவிட்டு இரும்புச்சத்து மருந்து வாங்கப் பணம் கேட்டுவிடாதீர்கள். நம் மலையில் பணியர், இருளர், குறும்பர் மத்தியில் அரிவாள் செல் சோகை உண்டு. அது பரம்பரையாக வருவது, அதற்கான கவனிப்பு வேறு. கோத்தகிரியில் 1958 முதல் இருக்கும் நாவா என்ற நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும், கூடலூரில் ஆதிவாசிகளுக்கான அஷ்வினி மருத்துவ அமைப்பும் இதில் வருடக்கணக்கான அனுபவம் உள்ளவை. அவர்களிடம் பேசிவிட்டு அந்தப் பத்தியை எழுதுங்கள்.

என்ன மாறும் என்று அவர்கள் கேட்பார்கள். 'பிள்ளைகளின் வாழ்வு மலரும்' என்று எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது. எண்ணிப் பார்க்கக் கூடியதைச் சொல்லுங்கள். பிள்ளை மாதத்தில் எத்தனை நாள் வந்தது. எடை கூடியதா. மேல்கை சுற்றளவு நாடாவில் எந்த நிறம்: ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 11.5 முதல் 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. சிவப்பு என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். இவற்றோடு அக்கா, அண்ணன்களின் பள்ளி வருகையையும் சேருங்கள். எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் அதுதான். ஒரு பிள்ளைக்குச் செலவழித்த பணத்தில் இரண்டு பிள்ளைகள் பிழைப்பதை அது காட்டும்.

கணக்கு

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். குறைவாகக் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மாதம் நாலாயிரம் போடுகிறார்கள். கொழுந்து பறித்தால் அவர் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பார். மூன்றாம் மாதம் போய்விடுவார். பிள்ளைகளை வளர்க்கும் வேலைக்குக் கொழுந்துக் கூலியைவிடக் குறைத்துக் கொடுப்பது அநியாயமும்கூட.

15 பிள்ளைகளுக்கு, மாதம் 24 நாள், காலை ஏழு முதல் மாலை ஐந்தரை வரை நடக்கும் ஒரு காப்பகத்துக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நேரம் நீளம் என்பதால் இரண்டு பேரும் முறை வைத்து வருவார்கள், நடுவில் இருவரும் சேர்ந்திருப்பார்கள். தலைக்கு மாதம் 11,000 என்றால் வருடத்துக்கு 2,64,000. உணவுக்கு ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 25 ரூபாய், வருடத்துக்கு 1,08,000. வாடகை மாதம் 2,000, வருடம் 24,000. காஸ், சோப்பு, கணப்பு, சில்லறைச் செலவு மாதம் 1,500, வருடம் 18,000. ஜீப், பஸ் செலவும் அதே 18,000. ஒருவர் லீவில் போனால் மாற்று ஆளுக்கும் பயிற்சிக்கும் 12,000. கணக்கு, தணிக்கைக்கு 15,000. முதல் வருடம் மட்டும் பாய், தொட்டில், பாத்திரம், எடை மெஷின், தண்ணீர் வடிகட்டி என்று 40,000. மொத்தம் 4,99,000. ஒரு தடவைச் செலவைக் கழித்துவிட்டால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 106 ரூபாய். உங்கள் ஊரின் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் அந்த ஒரு நாள் கணக்கை மட்டும் கட்டாயம் எழுதுங்கள்; கொடுக்கிறவர் மனதில் நிற்பது அதுதான்.

மலைக்கே உரிய செலவுகளை மறக்க வேண்டாம். தொடர் மழையில் பிள்ளைத் துணி காயாது. கூடுதல் துணியும் கணப்பும் சொகுசு இல்லை. அரிசி, பருப்பு கீழேயிருந்து ஏறி வரும் விலையில்தான் கிடைக்கும். சமவெளி அதிகாரிக்கு இது தெரியாது. ஒவ்வொரு இனத்துக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதினால் வெட்ட மாட்டார். இன்னொன்று, இங்கே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. கொடையாகப் பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர் பாட்டிலும் அனுப்புகிறோம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அவர்கள் பார்க்க வரும் நாள்

பணம் தரும் முன் பெரும்பாலும் நேரில் வருவார்கள். வெளிமாவட்ட வண்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். ஒரு வாரம் முன்பே நினைவுபடுத்துங்கள். சீசன் மாதங்களில் ஊட்டி ரோட்டில் மாட்டிக்கொண்டு மூன்று மணிக்கு வந்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. முந்தின இரவே வந்து தங்கச் சொல்லிக் காலை ஏழு மணிக்கு லைனுக்குக் கூட்டிப்போங்கள். நீங்கள் நோட்டில் எழுதியதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பூங்கொத்துக் கொடுக்கச் சொல்லாதீர்கள். தோடர் சால்வையோ மாலையோ வேண்டாம். அம்மாக்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து உட்காரவும் வேண்டாம். வேலைக்குப் போகும் முன் பத்து நிமிடம் பேசினால் போதும், உண்மையும் அப்போதுதான் வரும். படம் எடுக்கும் முன் அம்மாவிடம் கேளுங்கள், எதற்கு என்று சொல்லுங்கள், வேண்டாம் என்றால் எடுக்க வேண்டாம். மூக்கொழுகி அழும் பிள்ளையின் முகத்தை அறிக்கையின் அட்டையில் போடும் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். அந்தப் பிள்ளை ஒரு நாள் பெரியவளாகி அதைப் பார்ப்பாள்.

பணம் வந்த பிறகு

தவணை தவணையாக வரும். முதல் தவணையின் கணக்கும் அறிக்கையும் போனால்தான் இரண்டாவது. எங்களுக்கு ஒரு முறை இரண்டாம் தவணை இரண்டு மாதம் தள்ளிப்போனது, காப்பகம் நடத்தும் பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. நாங்கள் சொல்லாமலே அவர்கள் தொடர்ந்து வந்தார்கள். அதன் பிறகு, இரண்டு மாதச் சம்பளம் முன்கூட்டியே முதல் தவணையில் சேர்ந்து வருமாறு கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறோம். நீங்களும் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

செலவு செய்த அன்றே வவுச்சர் எழுதுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள். காய்கறிக்கு பில் கிடைக்காது. கடைக்காரர் கையெழுத்தோடு வவுச்சர் போதுமா என்று ஆடிட்டரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். உணவுக்கென்று வந்ததை வாடகைக்கு மாற்ற வேண்டியிருந்தால், மாற்றும் முன் எழுத்தில் அனுமதி.

கெட்ட செய்தியை மறைக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாதிரி மழையில் ரோடு அறுந்து காப்பகம் பத்து நாள் பூட்டியிருந்தால் அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். 15 பிள்ளைகளில் 9 பேர்தான் வருகிறார்கள் என்றால் 9 என்றே எழுதுங்கள், ஏன் என்றும் எழுதுங்கள். ஒரு வருடம் அப்படி எழுதியபோதுதான், மாமியார்கள் பிள்ளையை விட மறுப்பது காப்பகத்தில் தலையில் எண்ணெய் வைக்காமல் குளிப்பாட்டுவதால் என்று எங்களுக்கே தெரிந்தது. அறக்கட்டளைக்காரர்கள் எண்ணெய்க்கு மாதம் 200 ரூபாய் சேர்த்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள்.

பணம் நிற்கும் நாள் வரும், வழக்கமாக இரண்டு அல்லது மூன்று வருடத்தில். முதல் மாதத்திலிருந்தே பஞ்சாயத்துத் தலைவரையும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரையும் காப்பகத்துக்கு அழைத்துக்கொண்டே இருங்கள். அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் நடத்த மத்திய அரசின் பால்னா திட்டத்தில் இடம் உண்டு. உங்களிடம் இரண்டு வருட வருகைப் பதிவேடும் எடைப் பட்டியலும் இருந்தால் அந்த மனுவுக்கு எடை கூடும். அம்மாக்களிடம் மாதம் ஒரு சின்னத் தொகை வாங்குவதா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் நடக்கிறது. வாங்கினால் உரிமையோடு கேள்வி கேட்கிறார்கள் என்பது ஒரு பக்கம். கூலி இல்லாத மழை வாரத்தில் அதைக் கட்ட முடியாமல் கூச்சப்பட்டுப் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். நான் வாங்க வேண்டாம் என்ற பக்கம்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் ஒரு வாரம் கழித்து, காரணம் என்ன என்று மரியாதையாகக் கேட்டு எழுதுங்கள். பாதிப் பேர் பதில் போடுவார்கள். எங்களுக்கு நிதி கொடுத்த மூன்று அறக்கட்டளைகளில் இரண்டு, முதல் முறை மறுத்தவை. இடைப்பட்ட காலத்தில் நோட்டை மூடிவைக்க வேண்டாம். அந்தப் பதினைந்து வீடுகளுக்கும் மாதம் ஒரு முறை போய்ப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். அடுத்த வருடம் கேட்கும்போது பிள்ளைகளின் பெயரும் வயதும் மாறியிருக்கும், சில வீடுகள் வேறு எஸ்டேட்டுக்குப் போயிருக்கும், புதிதாக இரண்டு தொட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.